முன் வரிசை எலுமிச்சைகளைக் குளிப்பாட்டிய கதை

எலுமிச்சை இலை தொங்கிப்போனால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. வேருக்குத் தண்ணீர் போதவில்லை, அல்லது வேருக்குத் தண்ணீர் அதிகமாகிவிட்டது. இரண்டுக்கும் இலை ஒரே மாதிரிதான் தொங்கும், ஒரே மாதிரிதான் சுருளும். தூரத்தில் நின்று ஒரு பார்வை பார்த்தே எது என்று சொல்லிவிடுவேன் என்று இருபது வருடம் நம்பிக்கொண்டிருந்தவள் நான். அந்த நம்பிக்கை ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தது. இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்தது அதைத்தான்.

தோட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் என் அனுபவத்தைச் சொல்லச் சொல்லி, ஆபீசில் ஒரு தாளையும் கொடுத்தார்கள். உரம், கவாத்து, பூச்சிமருந்து என்று அதில் வரிசையாகத் தலைப்புகள். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். எந்த உரம் எவ்வளவு என்று மூட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள், படித்துக்கொள்ளுங்கள். அதற்காக ராயபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு கிழவி எர்ணாவூர் வர வேண்டியதில்லை.

இந்த வார்ப்படத் தொழிற்சாலையில் இரும்பை உருக்குகிறார்கள், ஊற்றுகிறார்கள், அது எல்லாருக்கும் தெரியும். உள்ளே இவ்வளவு மரம் இருப்பது கேட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அதிலும் பாதி ஒரே குடும்பம். எலுமிச்சை, நாரத்தை, கேன்டீன் ஓரத்துக் கறிவேப்பிலை, அம்மன் மாடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வில்வம், மதிலோரத்து விளா எல்லாம் சொந்தக்காரர்கள்தான். சந்தேகமிருந்தால் ஒரு எலுமிச்சை இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தின மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள் வெளிச்சமாகத் தெரியும். அவ்வளவும் எண்ணெய். கசக்கினால் வருகிற வாசனை அதுதான். கறிவேப்பிலையிலும் அதே புள்ளி, வில்வத்திலும் அதே புள்ளி.

ஆனால் இங்கே இலையை அப்படிப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்னால் அதைத் துடைக்க வேண்டும். நம் உலையின் புகைக்கூண்டு கக்குகிற கரியும், கன்டெய்னர் லாரி கிளப்புகிற புழுதியும் சேர்ந்து இரண்டே நாளில் மரத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும். என் கதை அந்தச் சாம்பலில்தான் ஆரம்பிக்கிறது.

கேட்டிலிருந்து ஆபீஸ் வாசல் வரை அப்போது ஒன்பது எலுமிச்சை மரங்கள். அதை முன் வரிசை என்போம். பழைய முதலாளி தன் கையால் நட்டது. கன்று நடுகிற படம் ஆபீஸ் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கேன்டீனுக்குப் பின்னால் பதினொரு மரம். அதைப் பின் வரிசை என்போம். அங்கே விருந்தாளி யாரும் போகமாட்டார். இரண்டு வரிசைப் பழமும் ஒரே இடத்துக்குத்தான் போகும். உலைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குக் கோடையில் தினமும் உப்புப் போட்டு எலுமிச்சைச் சாறு கொடுப்பது இந்த கம்பெனி வழக்கம். இப்போதும் உண்டு, நீங்களும் போய்க் குடிக்கலாம்.

விருந்தாளி வருகிற நாளில் முன் வரிசை பச்சையாக இருக்க வேண்டுமே. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் நான்தான். காலை ஆறரைக்கு ஹோஸ் பிடித்து உச்சியிலிருந்து அடிவரை ஒவ்வொரு மரத்தையும் கழுவிவிடுவது. மரத்தைக் குளிப்பாட்டுவது என்று நாங்கள் சொல்வோம். முதல் தடவை செய்தபோது நிர்வாக அதிகாரி காரை நிறுத்தி இறங்கி வந்து, "பிலோமினா, சபாஷ்! ஊட்டி மாதிரி இருக்கு" என்றார். அந்தச் சபாஷ் என் தலைக்கு ஏறிவிட்டது. முதலில் விருந்தாளி வந்தால் மட்டும். பிறகு வாரம் ஒரு தடவை. கடைசியில் மாறி மாறி யாராவது வந்துகொண்டே இருந்த ஒரு வருடத்தில் தினசரி ஆனது. ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. சர்ச்சில் பூசைக்குப் போவதற்கு முன்னால் இங்கே வந்து, ஹோஸ் பிடிக்கிறவர்கள் ஒழுங்காகப் பிடிக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போவேன்.

சாயங்காலம் பாத்திக்குத் தண்ணீர் விடுவது கஸ்தூரி. ஒப்பந்தத் தொழிலாளி. எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வீடு. புருஷனுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போய்விட்டது, வீட்டில்தான் இருந்தார். இவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. வேலையில் வாய் திறக்கமாட்டாள். திறந்தால் மூடமாட்டாள். எனக்கு அவளைப் பிடிக்கும், பிடிக்காது என்று எதுவும் கிடையாது. வேலை நடந்தது, அவ்வளவுதான்.

அந்த வருடம் மழைக்காலம் முடிந்த கொஞ்ச நாளில் முன் வரிசை இலை தொங்க ஆரம்பித்தது. நரம்போடு மஞ்சள் ஓடியது. பிறகு உதிர்ந்தது. காலையில் மரத்தடியில் இலை மெத்தை போட்ட மாதிரி கிடக்கும். அந்த நேரம் பார்த்து, பழைய முதலாளியின் மகன் வெளிநாட்டிலிருந்து பொறுப்பேற்க வருகிறார் என்று செய்தி. நாள் குறித்துவிட்டார்கள். கையில் இரண்டு வாரம் இருந்தது.

நிர்வாக அதிகாரி காலை ரோல் காலுக்கே வந்துவிட்டார். கேட் பக்கத்தில் எல்லாரும் கூடிப் பெயர் கொடுக்கும் இடம். ஐம்பது அறுபது பேர் நிற்கிறார்கள். "அப்பா நட்ட மரம்மா இது. மகன் வந்து இறங்குறப்ப மொட்டையா நிக்கணுமா? என்ன பண்ணிட்டிருக்கீங்க நீங்கல்லாம்?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நீங்கள் என்றால் நான்.

அந்த இடத்தில் ஒரு மனுஷிக்கு என்ன தோன்றும் தெரியுமா? தன் மேல் விழுகிற வெயிலை யார் பக்கமாவது திருப்பிவிடத் தோன்றும். எனக்குத் தோன்றியது. இலை தொங்குகிறது என்றால் தண்ணீர் போகவில்லை. தண்ணீர் விடுகிறவள் கஸ்தூரி. கூப்பிட்டேன்.

"முன் வரிசைக்குத் தண்ணி வுட்டியா, இல்லியா?"

அவள் என்னைப் பார்த்தாள், அதிகாரியைப் பார்த்தாள். "வுடலக்கா" என்றாள்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு வாரமா வுடல. ஆனா யக்கா, அது இன்னான்னா..."

"பேசாத! வுடலதான? அத்தோட நிறுத்திக்க."

அதிகாரிக்குப் போதுமான பதில் கிடைத்துவிட்டது. "கேட் பாஸை வாங்குங்க" என்றார். நான்தான் வாங்கினேன். கழுத்திலிருந்து கழற்றும்போது நாடா அவள் கொண்டையில் மாட்டிக்கொண்டது. யாரும் உதவவில்லை. அவளே பிய்த்து எடுத்து என் கையில் வைத்தாள். களைக்கொத்தியையும் கீழே வைத்துவிட்டு, கேட்டைத் தாண்டி, நெடுஞ்சாலையைக் கடந்து போனாள். எனக்கு அன்றைக்கு எந்த வருத்தமும் இல்லை. இருந்தது என்று இப்போது சொன்னால் பொய். பிரச்சினை தீர்ந்தது என்ற நிம்மதிதான் இருந்தது.

மறுநாளிலிருந்து நானே நின்று தண்ணீர் விட்டேன். காலையில் குளிப்பாட்டல். சாயங்காலம் பாத்தி ததும்ப ததும்ப. இரண்டு வாரமாகக் காய்ந்த மரம் என்று இரண்டு மடங்கு. ஒரு வாரத்தில் மரம் தெளிந்துவிடும் என்று அதிகாரியிடம் சொல்லியும் வைத்தேன். ஒரு வாரத்தில் மூன்று மரங்கள் மொத்த இலையையும் கொட்டிவிட்டு, பிஞ்சுக் காயோடு குச்சியாக நின்றன.

கேன்டீனில் சாறு போடுகிற ஒருவர் இருந்தார். எல்லாரும் மாமு என்போம். அவர் பெயரை நான் கேட்டதே இல்லை, கடைசிவரை தெரியாமலே போய்விட்டது. அன்று பதினொரு மணிக்கு உலைப் பகுதிக்குச் சாறு போட எலுமிச்சையை இரண்டாக வெட்டி வெட்டிப் பிழிந்துகொண்டிருந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பிலோமா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத" என்றார். "பின்னால கீற மரம்லாம் சோக்கா கீது. அதுக்கு யாரு தண்ணி வுட்டுகினு இருந்தது?"

"கஸ்தூரிதான்."

"முன்னால கீறதுக்கு?"

"அவதான். இப்ப இன்னா அதுக்கு?"

"ஒண்ணும் இல்ல. அவ சோம்பேறின்னா ரெண்டும்ல காயணும்? அது இன்னாத்துக்கு ஆபீசருங்க பாக்குற மரம் மட்டும் காயுது?" வெட்டின மூடியைத் தொட்டியில் போட்டார். "எனுக்கு இன்னா தெரியும். புழியத்தான் தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்று தெரிந்ததால் வந்த கோபம். எழுந்து போய்க் கடப்பாறையை எடுத்தேன்.

முன் வரிசையில் மூன்றாவது மரம். தண்டிலிருந்து இரண்டு முழம் தள்ளிக் குத்தினேன். மேலே ஒரு சாண் செம்மண். அதற்குக் கீழே கடப்பாறை டங்கென்று நின்றது. இரும்புக் கழிவைக் கொட்டி மேடாக்கின தரை அது. கட்டிடம் கட்டினபோது அப்படி நிரப்பி, மேலே ஒப்புக்குச் செம்மண் போட்டு, குழி தோண்டிக் கன்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழியும் ஓட்டை இல்லாத குண்டான். விடுகிற தண்ணீர் எங்கேயும் போக வழியில்லை. குழி ஓரத்தைத் தோண்டினதும் கறுப்பாகத் தண்ணீர் ஊறி வந்தது. சாக்கடை நாற்றம். ஒரு வேரை இழுத்து விரலால் உருவினேன். தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்தது. உள்ளே நூல் மட்டும் மிச்சம்.

பின் வரிசைக்குப் போய் அங்கேயும் தோண்டினேன். அது பழைய தரை, கடற்கரை மணல். எவ்வளவு விட்டாலும் இறங்கிவிடும். வேர் நுனி வெள்ளையாக, முளைக்கட்டின பயறு மாதிரி இருந்தது.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். வேருக்கும் மூச்சு வேண்டும். எலுமிச்சைக் குடும்பத்தில் எதுவும் கால் நனைந்து நிற்காது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். பாத்தித் தண்ணீர் வாரத்துக்கு மூன்று நாள்தான். ஆனால் ஹோஸ் தண்ணீர் தினமும். அவ்வளவும் இலையைக் கழுவிவிட்டுத் தண்டு வழியாக இறங்கி அதே குழியில்தான் நின்றிருக்கிறது. அதைத் தண்ணீர் விட்ட கணக்கிலேயே நான் சேர்க்கவில்லை. குளிப்பாட்டுவது வேறு, தண்ணீர் விடுவது வேறு என்று என் மண்டையில் தனித்தனியாக இருந்தது. எங்களை மாதிரி தொழிற்சாலைத் தோட்டக்காரர்களுக்கு மட்டும்தான் இப்படி ஒரு முட்டாள்தனம் வாய்க்கும். மரத்துக்கு அது எல்லாம் ஒரே தண்ணீர்தான்.

ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. கஸ்தூரி ஏன் பாத்திக்குத் தண்ணீரை நிறுத்தினாள்? அதைத்தான் ரோல் காலில் நான் கேட்கவில்லை. விட்டாயா, இல்லையா என்று கேட்டேன். எத்தனை நாள் என்று கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

அன்று ஷிப்ட் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். மூன்று மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. நடைபாதைக் கம்பியோரத்தில் ஒரு பெயின்ட் டப்பாவில் கறிவேப்பிலைச் செடி, நல்ல தழைப்பு. டப்பாவின் அடியைச் சுற்றி ஆணியால் அடித்த ஓட்டைகள். அதைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது.

கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. "இன்னாக்கா, இன்னும் ஏதாச்சும் வாங்கிகினு போவ வந்தியா?" என்றாள்.

"ஏன் தண்ணி வுடல கஸ்தூரி?"

"ஆங்? இப்பதான் அது ஞாபகம் வந்துச்சா ஒனுக்கு?"

"சொல்லு."

"களை எடுக்கறப்போ குத்துனா தண்ணி மேல வருது. கலீஜா நாறுது. இன்னும் வுட்டா மரம் பூடும்னு தெரிஞ்சிபோச்சி. காலையில ஹோஸ் அடிக்கறத நிறுத்துன்னு நான் சொல்ல முடியுமா? அது ஒன்னோட ஆர்டரு. நான் வுடறத நான் நிறுத்துனேன். ஒங்கிட்ட சொல்லலான்னு மூணு வாட்டி வந்தேன்க்கா. மூணு வாட்டியும் நீ போன்ல பேசிகினு, கையாலயே போ போன்னு காமிச்ச."

எனக்கு அது நினைவில்லை. ஆனால் கையால் அப்படிக் காட்டுவது என் வழக்கம்தான். இப்போதும் அந்தப் பழக்கம் உண்டு.

பிறகு அவள் சொன்னது இன்னும் மோசம். இந்தப் பத்து நாளில் மணலி ரோட்டில் இரண்டு கம்பெனியில் போய்க் கேட்டிருக்கிறாள். அங்கேயிருந்து ஏன் வந்தாய் என்று இரண்டு இடத்திலும் கேட்டிருக்கிறார்கள். வேலை செய்யாததால் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள் என்கிற பேச்சு அவளுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. உள்ளே கட்டிலில் அவள் புருஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். எனக்கு வந்தது வெட்கம். அதற்கு வேறு பெயர் கிடையாது.

"நான் பாஸ வாங்கித் தரேன்" என்றேன்.

"எப்டி வாங்கித் தருவ?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். படி ஏறி வரும்போது நான் ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். காண்ட்ராக்டரிடம் தனியாகச் சொல்லி, பாவம், ஏதோ தப்பு செய்துவிட்டாள், மன்னித்து வேறு பிரிவில் போட்டுக்கொள்ளுங்கள் என்று சேர்த்துவிடுவது. யாருக்கும் சங்கடமில்லை. அவளுக்கு வேலை, எனக்கு மானம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. செய்யாத தப்புக்கு அவளை மன்னிக்க நான் யார்?

அவளே சொன்னாள். "பாஸு எல்லாரு எதுர்லயும் தான போச்சி? எல்லாரு எதுர்லயும் வரட்டும். சந்துல குட்த்தா எனுக்கு வேணாம்க்கா."

அடுத்த நாள் ரோல் காலுக்கு அவளைக் கூடவே அழைத்து வந்தேன். செக்யூரிட்டி தடுத்தார், நான் பொறுப்பு என்றேன். அதிகாரி வந்ததும் கேட் பக்கத்தில், அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் சொன்னேன். மரம் தண்ணீர் இல்லாமல் சாகவில்லை, தண்ணீரில் சாகிறது. தினமும் கழுவச் சொன்னது நான். கஸ்தூரி பாத்தித் தண்ணீரை நிறுத்தி வைத்ததால்தான் ஒன்பதில் ஆறு மரமாவது மிச்சமிருக்கிறது. அதை நிறுத்தினவளை நான் வெளியே அனுப்பிவிட்டேன். அழுகின வேரை ஒரு பேப்பரில் மடித்து எடுத்துப் போயிருந்தேன், அதையும் காட்டினேன். நாற்றத்தில் இரண்டு பேர் தள்ளி நின்றார்கள்.

அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "இதை ரூமுக்கு வந்து சொல்லியிருக்கலாமே பிலோமினா."

"அவள ரூம்ல வெச்சா சார் அனுப்புனோம்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பாஸ் கொடுத்துவிட்டார். நானே அவள் கழுத்தில் போட்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, களைக்கொத்தி எங்கே என்று மட்டும் கேட்டாள்.

கதை அங்கே முடிந்திருந்தால் சுலபம். அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. அவர் வர இன்னும் நாலு நாள்தான் இருக்கு. அதுவரைக்கும் கழுவுங்க. இந்த ஒரு தடவை. அப்புறம் நிறுத்திக்கலாம்."

"ஒரு தடவை ஒரு தடவைன்னுதான் சார் இதுவரைக்கும் வந்து நிக்குது. வேர் மூச்சு வுட முடியாம கீது. இன்னும் நாலு நாள் கழுவுனா இன்னும் ரெண்டு மரம் போகும்."

"கழுவலைன்னா மரம் சாம்பல்ல நிக்கும். அவர் பார்த்தா யார் பதில் சொல்றது?"

"நான்."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். ரிடையராக மூன்று வருடம் பாக்கி இருந்தது, சீனியர் கிரேடுக்கு என் பெயர் போயிருந்தது. ஆனால் ஹோஸைச் சுருட்டி ஸ்டோரில் வைத்துப் பூட்டி, சாவியைக் கஸ்தூரியிடம் கொடுத்தேன். என்னிடம் இருந்தால் யாராவது கத்தும்போது திறந்துவிடுவேன் என்று எனக்கே என் மேல் பயம். அந்த நாலு நாளும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து குழிகளின் பக்கத்தில் கழிவுக் கட்டியை உடைத்து, தண்ணீர் வடியக் கால்வாய் வெட்டினோம். தண்டைச் சுற்றியிருந்த மண்ணை விலக்கி வெயில் படவிட்டோம்.

மகன் வந்தார். சின்ன வயது, மரியாதையான ஆள். கேட்டில் இறங்கி நடந்தே வந்தார். ஒரு பக்கம் மூன்று குச்சிகள், மற்றவை சாம்பல் பூசின மரங்கள், நடுவில் வெட்டிப்போட்ட வாய்க்கால். அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். மகன் ஒரு இலையைத் தொட்டு, விரலில் ஒட்டின கரியைப் பார்த்து, "அப்பா நட்ட மரம். ஏன் இவ்வளவு அழுக்கா இருக்கு?" என்று கேட்டார்.

பதில் சொல்வதாக எழுதிக் கொடுத்தவள் நான். வாய் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து கஸ்தூரி சொல்லிவிட்டாள். "அழுக்கு மரத்துது இல்ல சார். நம்ம கூண்டுது."

அவர் நிமிர்ந்து கூண்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்குள் போய்விட்டார். கூண்டுக்கு உடனே வடிகட்டி வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. எனக்கு மெமோ வந்தது. சீனியர் கிரேடு வரவில்லை. ஆனால் முன் வரிசையைக் கழுவு என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லவும் இல்லை. மழை வந்தால் மரம் தானே குளித்துக்கொண்டது.

ஒன்பதில் நாலு செத்தது. ஐந்து பிழைத்தது. நீங்கள் கேட்டில் நுழையும்போது பார்க்கிற அந்த ஐந்துதான். நடுவில் ஏன் இடைவெளி என்று காலையில் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். ஏன் என்று கேட்டதற்காகவே அவருக்கு ஒரு சபாஷ். அங்கே வேறு கன்று வைக்கலாம் என்று நான் சொன்னேன், கஸ்தூரி விடவில்லை. தோண்டி, கழிவை எல்லாம் எடுத்து, மணல் போட்ட பிறகுதான் வைப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். கம்பெனி இன்றுவரை எடுத்துக் கொடுத்தபாடில்லை. இருக்கட்டும், காலியாகவே இருக்கட்டும்.

இப்போது அவள்தான் உங்கள் சூப்பர்வைசர். வாயாடி, கோபக்காரி. நீங்கள் ஏதாவது தப்பு செய்தால் கத்துவாள். ஆனால் கத்தி முடித்ததும் "இன்னாத்துக்கு அப்டி செஞ்ச?" என்று ஒரு கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டு உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்போது முழுதாகப் பதில் சொல்லுங்கள். நான் அவளிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது.

அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. ரிடையரான அன்று மாலை போட்டார்கள், ஸ்வீட் கொடுத்தார்கள், அதிகாரி நல்லபடியாகத்தான் பேசினார். எல்லாம் முடிந்து கேட் பக்கம் வந்தபோது கஸ்தூரி முன் வரிசை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து, "அன்னிக்கு நான் பண்ணது பெரிய தப்பு கஸ்தூரி. மனசுல வெச்சிக்காத" என்றேன். அத்தனை வருடத்தில் எல்லார் எதிரிலும் சொல்லியிருந்தேன், அவளிடம் நேரில் சொன்னது அன்றைக்குத்தான்.

அவள் கையை விடுவித்துக்கொண்டு, மூன்றாவது மரத்துக்குப் பக்கத்து மரத்தில் எட்டி ஒரு பழத்தைப் பறித்தாள். மேலெல்லாம் கரி. என் புடவை முந்தானையை இழுத்து, அதில் அப்படியே வைத்து மூடினாள்.

"இந்தாக்கா. ஒனுக்குத்தான் கழுவறதுன்னா உசுராச்சே. இத வூட்டுக்கு எட்த்துகினு போயி ஆச தீரக் கழுவு."